ஆறாம் கவசப்படைப் பிரிவும் ஸ்ராலின்கிராட் மீட்பு முயற்சியும்

இரண்டாவது உலக மகாயுத்தத்தின் வரலாற்றைக் கற்றோருள் ஸ்ராலின்கிராட் என்னும் பெயரை அறியாதார் இலர். வொல்கா நதிக்கரையிலமைந்த அந்நகரின் வீதிகளிலும் தொழிற்சாலைகளிலும் நிகழ்ந்த போரும், 1943ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 2ஆந் திகதியுடன் நிறைவெய்திய ஜேர்மன் சேனையின் சரணும் பலராலும் விரித்துரைக்கப்பட்டுள்ளன. ஆயின், அந்நகருக்குத் தென்மேற்கேயுள்ள வெறும் புல்வெளிகளில், 1942ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 12ஆந் திகதி தொடங்கிப் பன்னிரண்டு நாட்கள் நடைபெற்ற மற்றொரு போர் அத்துணைப் பரவலாக அறியப்பட்டதன்று. முற்றுகைக்குள் அகப்பட்டிருந்த இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட போர்வீரரின் கதி பெரும்பாலும் அப்பன்னிரண்டு நாட்களிலேயே தீர்மானமாயிற்று. அப்போரின் ஈட்டிமுனையாக நின்றது ஜேர்மனியின் ஆறாம் கவசப்படைப் பிரிவு ஆகும்.

அரசன் வினையிற் புகுமுன் ஆராயவேண்டுவனவற்றைக் கூறப்புகுந்த திருவள்ளுவர், வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அவற்றுள் முதலாவது, செய்யப்படும் வினையின் வலிமை, தன் வலிமை, பகைவனுடைய வலிமை, இருதிறத்தார்க்கும் துணையாவார் வலிமை என்னும் நான்கினையுஞ் சீர்தூக்குமாறு பணிப்பது. வேலும் வாளும் ஏந்திய காலத்துக்கு உரைக்கப்பட்ட இவ்வளவுகோல், இயந்திரங்கள் பொருத காலத்துக்கும் பொருந்துமாற்றை இம்மீட்பு முயற்சியின் வரலாறு நன்கு புலப்படுத்தும்.

முற்றுகையும் மீட்புத் திட்டமும்

1942ஆம் ஆண்டு கோடையில் ஜேர்மன் படைகள் தென் ருஷ்யாவினூடே முன்னேறி, ஒருபால் கோக்கேசஸ் மலைநாட்டின் எண்ணெய் வயல்களையும், மறுபால் வொல்கா நதியையும் நாடிச் சென்றன. பவுலஸ் என்னும் தளபதியின் கீழிருந்த ஆறாம் சேனை ஸ்ராலின்கிராட் நகரினுள் புகுந்து போரிட்டது. அச்சேனையின் இருமருங்கும் நீண்டுகிடந்த போர்முனையைக் காத்து நின்றவர்கள் பெரும்பாலும் றொமேனிய, இத்தாலிய, ஹங்கேரியப் படையினராவர். காக்கவேண்டிய முனையின் நீளத்துக்கேற்ற படைக்கலங்கள் அவர்களிடம் இருந்தில. சிறப்பாக, தாங்கிகளை எதிர்க்கவல்ல பீரங்கிகள் மிகச் சிலவே இருந்தன. நவெம்பர் 19ஆந் திகதி சோவியத் சேனைகள் றொமேனியர் நின்ற பகுதிகளையே தெரிந்து தாக்கின. 23ஆந் திகதி வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்த இரு கரங்களும் டொன் நதிக்கருகே ஒன்றுகூட, ஆறாம் சேனை வளையத்துள் அகப்பட்டது.

வொல்காவை விட்டு அகலுதற்கு ஹிட்லர் இசையவில்லை. வேண்டிய பொருள்கள் யாவற்றையும் விமானமூலம் கொண்டுசேர்க்கலாமென விமானப்படைத் தலைவரான கோரிங் உறுதி கூறினார். நாளொன்றுக்குக் குறைந்தது 300 தொன் வேண்டியிருக்க, உண்மையில் வந்து சேர்ந்தது சராசரியாக 100 தொன் அளவேயாகும். இந்நிலையில், டொன் சேனைத் தொகுதி என்னும் புதிய தொகுதியின் தலைவராக நியமிக்கப்பட்ட மான்ஸ்ரைன், வெளியிலிருந்து வளையத்தை உடைக்கும் பொறுப்பை ஏற்றார்.

வளையத்தை அணுகுதற்கு இரு வழிகள் இருந்தன. மேற்கே சிர் ஆற்றங்கரையிலிருந்து செல்லும் வழி குறுகியது. ஆயினும் அங்கே சோவியத் படைகள் செறிந்து நின்றன. டொன் நதியையுங் கடத்தல் வேண்டும். தென்மேற்கே கொத்தெல்நிக்கோவோ என்னும் புகையிரத நிலையத்திலிருந்து செல்லும் வழி ஏறக்குறைய 120 கிலோமீற்றர் நீளமானது. அவ்வழியில் எதிரியின் படைகள் ஐதாக நின்றமையால் நெடிய வழியே தெரிவு செய்யப்பட்டது. ஹொத் என்னும் தளபதியின் மேற்பார்வையில், கிர்ஹ்னர் தலைமை வகித்த 57ஆம் கவசப் படையணி தாக்குதலை நடத்துவதாயிற்று. இம்முயற்சிக்குக் குளிர்காலப் புயல் என்னும் மறைபெயர் இடப்பட்டது.

கவசப்படைப் பிரிவின் அமைப்பு

கவசப்படைப் பிரிவென்றால் தாங்கிகளின் கூட்டமே எனக் கருதுவார் பலர். அது தவறான கருத்து. ஜேர்மன் கவசப்படைப் பிரிவொன்றில் ஒரு தாங்கிப் படைவகுப்பும், வாகனங்களிற் செல்லும் இரு காலாட் படைவகுப்புகளும், ஒரு பீரங்கிப் படைவகுப்பும் இருந்தன. இவற்றோடு பாலம் அமைப்போர், வேவு பார்ப்போர், செய்தித் தொடர்பாளர், தாங்கியெதிர்ப்புப் பீரங்கியாளர், பழுது திருத்துவோர், எரிபொருளும் வெடிபொருளுஞ் சுமக்கும் வாகனக்காரர் ஆகியோரும் சேர்ந்திருந்தனர். தாங்கிகள் எதிரியின் நிரையைப் பிளக்கும். பிளந்த இடத்தைப் பற்றி நிற்பவர் காலாட்படையினர். தொலைவிலிருந்து எதிரியை அடக்குவது பீரங்கி. இவை மூன்றும் ஒருங்கியலுமிடத்தே அப்பிரிவின் வலிமை நூறு மடங்காகும். ஒன்று பின்தங்கின் ஏனையவை இடருறும்.

ஆறாம் கவசப்படைப் பிரிவு 1941–42 குளிர்காலத்தில் மொஸ்கோ நகரை நோக்கிய போரில் ஏறத்தாழத் தன் தாங்கிகள் யாவற்றையும் இழந்த பிரிவாகும். அதன் பின்னர் பிரான்சுக்கு அனுப்பப்பட்டுப் புதிய கருவிகளும் வீரரும் பெற்றுப் பல மாதங்கள் பயிற்சி செய்தது. எனவே, அவ்வேளையில் தென் ருஷ்யாவிலிருந்த ஜேர்மன் பிரிவுகளுள் நிறைவான வலிமையுடையதாக விளங்கியது இதுவே எனலாம். ஏறத்தாழ 150 தாங்கிகள் இதனிடம் இருந்தன. ஒஸ்திரியரான எர்ஹார்ட் றவுஸ் இதன் தலைவர். தாங்கிப் படைவகுப்புக்கு ஹூனெர்ஸ்டோர்வ் தலைமை தாங்கினார். இதனோடு உடன்சென்ற இருபத்துமூன்றாம் கவசப்படைப் பிரிவோ கோக்கேசஸ் போரில் நலிந்து, முப்பதளவான தாங்கிகளோடு வந்தது. மூன்றாவதாக வரவேண்டிய பதினேழாம் பிரிவை மேலிடம் இத்தாலியச் சேனையின் பின்னால் நிறுத்தி வைத்திருந்தமையால், அது தாக்குதல் தொடங்கிச் சில நாட்கள் கழிந்த பின்னரே வந்து சேர்ந்தது.

பிரான்சிலிருந்து வந்த முதலாவது புகையிரதம் நவெம்பர் 27ஆந் திகதி கொத்தெல்நிக்கோவோவை அடைந்தபோதே அந்நிலையம் சோவியத் பீரங்கித் தாக்குதலுக்குள்ளாகியிருந்தது. வீரர் இறங்கியவாறே போரிடவேண்டியவராயினர். ஆயத்தஞ் செய்தற்கென ஒதுக்கிய இடமே போர்முனையாக மாறியிருந்தமை, காலம் எவ்வளவு குறுகியிருந்தது என்பதைக் காட்டும்.

அக்சாய் முதல் மிஷ்கோவா வரை

டிசெம்பர் 12ஆந் திகதி விடியற்காலை தாக்குதல் தொடங்கியது. எதிரே நின்ற சோவியத் 51ஆம் சேனை நீண்ட முனையில் ஐதாகப் பரந்திருந்தமையால் முதல் நாள் முன்னேற்றம் விரைவாயிருந்தது. 13ஆந் திகதி றவுஸின் பிரிவு அக்சாய் ஆற்றைக் கடந்து, அதற்கப்பாலுள்ள வெர்க்னே கும்ஸ்கி என்னுஞ் சிற்றூரினுட் புகுந்தது. எஞ்சிய இயற்கைத் தடை மிஷ்கோவா என்னும் ஆறு ஒன்றே. அதையுங் கடந்தால் வளையத்தின் விளிம்பு வரை பெருந்தடை இல்லை.

ஆயினும் அவ்வொரு சிற்றூரிலேயே ஏறக்குறைய ஒரு வாரம் கழிந்தது. வொல்ஸ்கி என்பாரின் கீழிருந்த சோவியத் நான்காம் இயந்திரப் படையணி விரைந்துவந்து எதிர்த்தது. மரமோ மேடோ இல்லாத பனிவெளியில், இருபக்கத் தாங்கிகளும் ஒன்றையொன்று சுற்றிச்சுற்றிப் பொருதன. 15ஆந் திகதி வெடிபொருளும் எரிபொருளும் அருகவே, ஜேர்மன் தாங்கிகள் அச்சிற்றூரைக் கைவிட்டு அக்சாய்க் கரைக்கு மீண்டன. மறுபடி தாக்கியபோது வேறொரு தடை தோன்றியது. சோவியத் காலாட்படையினர் உயர்ந்த காய்ந்த புல்லினிடையே ஆழ்ந்த குழிகள் தோண்டி அவற்றுள் மறைந்திருந்தனர். தாங்கிகள் அவர்களைக் கடந்து சென்றன. ஆனால் கடந்தபின் அவர்கள் எழுந்து, பின்வந்தோரைச் சுட்டனர். காணப்படாத ஒருவனைத் தாங்கியின் பீரங்கி என்செய்யும்? குழிகுழியாகத் தேடி வெல்லக் காலாட்படை வேண்டும். அதுவோ ஜேர்மனியரிடம் போதாதிருந்தது. மீட்புப் படையின் குறைகளுள் தலையாயது தாங்கியின் குறையன்று, காலாளின் குறையே என்பது இவ்விடத்துத் தெளிவாகும்.

பதினேழாம் பிரிவும் பக்கத்தே வந்து சேர்ந்தபின், 19ஆந் திகதி வெர்க்னே கும்ஸ்கி இறுதியாக வீழ்ந்தது. அன்றிரவே ஹூனெர்ஸ்டோர்வ் தன் தாங்கிகளோடு இருளிற் புறப்பட்டு, எதிரியின் நிலைகளினூடே சென்று, மிஷ்கோவா ஆற்றங்கரையிலுள்ள வசிலியெவ்கா என்னும் ஊரின் பாலத்தைக் கைப்பற்றினார். அங்கிருந்து முற்றுகைக்குட்பட்ட சேனையின் விளிம்பு ஏறக்குறைய 48 கிலோமீற்றர் தூரத்திலேயே இருந்தது. 57ஆம் படையணியின் பின்னால், வளையத்துள் இருந்தோர்க்கென 3,000 தொன் பொருள்களைச் சுமந்த வாகனத் தொடர் காத்து நின்றது.

நாற்பத்தெட்டுக் கிலோமீற்றரின் கணக்கு

48 கிலோமீற்றர் என்பது நிலப்படத்தில் ஒரு விரலளவு. அது போர்க்களத்தில் எத்தகையது என்பதை எரிபொருளைக்கொண்டு கணித்தல் கூடும். ஆறாம் கவசப்படைப் பிரிவில் மிகுதியாயிருந்த மூன்றாம் வகைத் தாங்கி 320 லீற்றர் பெற்றோல் கொள்வது. அதைக்கொண்டு நல்ல வீதியில் ஏறத்தாழ 150 கிலோமீற்றர் ஓடலாம். வீதியற்ற நிலத்தில் 100 கிலோமீற்றரும் ஓடவியலாது. போரிலோ தாங்கி நேர்வழியே செல்வதில்லை. முன்னும் பின்னும் ஓடும், பக்கத்தே திரும்பும், நின்ற இடத்திலும் இயந்திரத்தை இயக்கிக்கொண்டிருக்கும். கடுங்குளிரில் இயந்திரம் உறையாதிருத்தற்கும் பெற்றோல் செலவாகும். ஆகவே நிலப்படத்தில் ஒரு மடங்கான தூரம் எரிபொருட் கணக்கில் பல மடங்காகும்.

வளையத்துள்ளிருந்த சேனையின் கணக்கு இதனினும் இரங்கத்தக்கது. தன்னிடமிருந்த எரிபொருளைக்கொண்டு தன் தாங்கிகள் 30 கிலோமீற்றர் மாத்திரமே செல்லவியலும் எனப் பவுலஸ் அறிவித்திருந்தார். 48இலிருந்து 30 கழிய எஞ்சுவது 18. அப்பதினெட்டுக் கிலோமீற்றரை யார் கடப்பது என்னும் வினாவுக்கு ஒருவரும் விடை கூறிற்றிலர். அச்சேனையின் குதிரைகளுட் பெரும்பாலானவை முற்றுகைக்கு முன்னரே மேற்கே அனுப்பப்பட்டிருந்தமையால், பீரங்கிகளை இழுத்தற்கும் வழியில்லை. வீரரோ பல வாரம் அரைவயிற்று உணவோடு பனியிற் கிடந்து மெலிந்திருந்தனர்.

மாற்றானின் வலிமை

இத்தகைய வரலாறுகள் பல ஜேர்மன் தளபதிகளின் நினைவுநூல்களை ஆதாரமாகக்கொண்டு எழுதப்பட்டமையால், சோவியத் பக்கத்தின் ஆலோசனைத் திறம் அவற்றில் மங்கித் தோன்றும். உண்மையில், தாக்குதல் தொடங்கிய 12ஆந் திகதியே சோவியத் படைத்தலைமை அதிகாரியான வசிலெவ்ஸ்கி அதன் அபாயத்தை உணர்ந்தார். மலினொவ்ஸ்கியின் இரண்டாம் காவலர் சேனை, வளையத்துள் இருந்தோரை ஒழித்தற்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அதனைத் தெற்கே மிஷ்கோவாவுக்குத் திருப்புமாறு வசிலெவ்ஸ்கி வேண்டினார். அச்சேனையைப் பெறவிருந்த றொக்கொசொவ்ஸ்கி அதனை மறுத்தார். ஸ்ராலின் அன்றிரவே வசிலெவ்ஸ்கியின் வேண்டுகோளை ஏற்றார். வளையத்தை ஒழிக்கும் நடவடிக்கை 1943 ஜனவரி 10ஆந் திகதி வரை பின்போடப்பட்டது. கையிலிருந்த வெற்றியைச் சிறிது தாழ்த்தியேனும் அண்மித்த இடரை முதலில் நீக்குதல் வேண்டுமெனத் துணிந்த இத்தீர்மானமே போரின் திருப்பமாகும்.

அக்காவலர் சேனை பனியினூடே நடந்து மிஷ்கோவாவை அடைதற்கு வேண்டிய நாட்களை ஈட்டிக்கொடுத்தவர் வெர்க்னே கும்ஸ்கியில் நின்றோராவர். ஈண்டு ஒரு வியப்பான செய்தியுண்டு. நவெம்பர்த் தாக்குதல் வெற்றி பெறாதென அஞ்சி, அதனைத் தொடங்குமுன் ஸ்ராலினுக்கு நேரே கடிதம் எழுதியவர் இதே வொல்ஸ்கி ஆவார். எனினும், ஏற்ற கடமையில் அவர் தளரவில்லை. அவருடைய படையணி பேரிழப்புற்றும் நிலைத்து நின்றமைக்காக, டிசெம்பர் 18ஆந் திகதி அதற்குக் காவலர் படையணி என்னுஞ் சிறப்புப் பெயர் வழங்கப்பட்டது. ஜேர்மன் பிரிவு மிஷ்கோவாவை அடைந்தபோது, எதிர்க்கரையின் உயர்நிலத்தில் இரண்டாம் காவலர் சேனையின் முற்படைகள் வந்து நிற்கக் கண்டது. இவ்வாற்றங்கரைப் போரில் அச்சேனையின் வீரருள் ஒருவராய் நின்ற யூரி பொந்தரெவ், பின்னாளில் அதனைப் பொருளாகக்கொண்டு வெப்பப்பனி என்னும் பொருள்படும் பெயரோடு நாவலொன்று எழுதி 1969இல் வெளியிட்டார்.

துணைவலியின் வீழ்ச்சி

மிஷ்கோவாவில் நின்ற பிரிவைப் பின்வாங்கச் செய்தது எதிரேயிருந்த படை மாத்திரமன்று. இருநூறு கிலோமீற்றருக்கு அப்பால், டொன் நதியின் நடுப்பகுதியில் நிகழ்ந்த சம்பவமே உடனடிக் காரணமாயிற்று. டிசெம்பர் 16ஆந் திகதி சோவியத் சேனைகள் அங்கு நின்ற இத்தாலிய எட்டாம் சேனையைத் தாக்கின. சில நாட்களுள் அச்சேனை நிலைகுலைந்தது. உடைந்த வாயிலினூடே புகுந்த பதானொவ் என்பாரின் தாங்கிப் படையணி, ஜேர்மனியரின் பின்புறத்தே 200 கிலோமீற்றருக்கும் மேல் ஓடி, 24ஆந் திகதி தத்சின்ஸ்காயா விமானத்தளத்தினுட் புகுந்தது. வளையத்துக்கு உணவு சுமந்த விமானங்கள் எழுவது அத்தளத்திலிருந்தே. றொஸ்தொவ் நகர் வீழுமாயின், கோக்கேசஸிலிருந்த ஜேர்மன் சேனைத் தொகுதி முழுவதும் துண்டிக்கப்படும் அபாயமுந் தோன்றியது.

இவ்வாயிலை அடைத்தற்கு வலிமையுள்ள பிரிவொன்று வேண்டியிருந்தது. அத்தகைய பிரிவு ஒன்றே இருந்தது. அது மிஷ்கோவாவில் நின்ற ஆறாம் கவசப்படைப் பிரிவாகும். 24ஆந் திகதி மறுபடி முன்னேறுதற்கு றவுஸ் ஆயத்தஞ் செய்துகொண்டிருந்த வேளையில், 23ஆந் திகதி மாலை அவர்க்குக் கட்டளை வந்தது. அன்றிரவே அவருடைய பிரிவு பாலமுனையை விட்டு நீங்கி வடமேற்கே சென்றது. எஞ்சிய இரு பிரிவுகளும் மறுநாள் தொடங்கிய சோவியத் எதிர்த்தாக்குதலைத் தாங்கவியலாது பின்னடைந்தன. 29ஆந் திகதி கொத்தெல்நிக்கோவோவும் சோவியத் கைப்பட்டது.

துணைவரின் பலவீனத்தால் ஆறாம் சேனை வளைக்கப்பட்டது. அதே பலவீனத்தால் அச்சேனையை மீட்க வந்த பிரிவும் மீள அழைக்கப்பட்டது. தம் துணைவர்க்கு வேண்டிய கருவிகளைக் கொடாது, அவர் கூறிய எச்சரிக்கைகளையும் மதியாது நடந்தவர் ஜேர்மன் தலைவர்களே. எனவே, அத்துணைவரைக் கோழைகள் எனப் பின்னர் பழித்தமை நீதியாகாது.

வெளியேறாத சேனை

மிஷ்கோவாவில் பிரிவு நின்ற நான்கு நாட்களுள் ஆறாம் சேனை ஏன் உள்ளிருந்து புறப்படவில்லை என்பது இன்றும் ஆராயப்படும் வினாவாகும். 19ஆந் திகதி மாலை மான்ஸ்ரைன், மீட்புப் படையை நோக்கித் தாக்கி வருதற்கு ஆயத்தமாகுமாறு பவுலஸுக்குக் கட்டளையிட்டார். நகரையே முற்றாகக் கைவிட்டு வெளியேறுதற்கு இடிமுழக்கம் என்னும் வேறொரு குறிப்புச்சொல் வகுக்கப்பட்டிருந்தது. அச்சொல் அனுப்பப்படவேயில்லை. ஹிட்லரோ, மீட்புப் படையோடு தொடுக, ஆயினும் வொல்காக் கரையையும் விடற்க என்றார். இரண்டையும் ஒருங்கே செய்ய அச்சேனைக்கு வலியில்லை என்பது எல்லார்க்குந் தெரிந்ததே. மான்ஸ்ரைன் ஹிட்லரின் அநுமதியை எதிர்நோக்கினார். பவுலஸ் மான்ஸ்ரைனின் தெளிவான கட்டளையையும் எரிபொருளையும் எதிர்நோக்கினார். தீர்மானிக்க வேண்டிய மூவரும் அப்பொறுப்பைப் பிறர்மேல் ஏற்றி நிற்க, நாட்கள் கழிந்தன.

மான்ஸ்ரைன் 1955இல் வெளியிட்ட இழந்த வெற்றிகள் என்னும் நினைவுநூலில் பழி ஹிட்லர்மேலும் பவுலஸ்மேலுமே பெரிதும் சார்த்தப்பட்டது. பிற்கால ஆராய்ச்சியாளர் பலர், உள்ளிருந்த சேனையின் நலிவையும் எரிபொருட் கணக்கையும் நோக்கி, அது புறப்பட்டிருப்பினும் சிறு பகுதியே தப்பியிருக்கும் எனக் கருதுகின்றனர். தன்னைக் காக்க எழுதப்பட்ட நூலைச் சான்றாகக் கொள்ளுமிடத்து, எழுதியவர் எதனைக் கூறாது விட்டார் என்பதையும் மாணாக்கர் நோக்குதல் வேண்டும். 1941 நவெம்பரில் யூத–பொல்ஷெவிக் அமைப்பு முற்றாக ஒழிக்கப்படவேண்டுமெனத் தம் வீரர்க்குக் கட்டளை விடுத்தவர் மான்ஸ்ரைன். 1949இல் பிரித்தானிய இராணுவ நீதிமன்றம் போர்க்குற்றங்களுக்காக அவர்க்குச் சிறைத்தண்டனை விதித்தது. தாங்கிகளின் ஓட்டத்தை மாத்திரம் சதுரங்கம்போல் வருணித்தால், அப்படை எதற்காக அந்நிலத்துக்கு வந்தது என்னும் வினா மறைந்துவிடும். அது அயல்நாட்டின் நிலத்தையும் விளைவையும் கவர்தற்கும், அந்நாட்டு மக்களை அடிமைப்படுத்தவும் அழிக்கவும் வந்த படையாகும்.

ஆறாம் சேனையின் பெரும்பகுதி ஜனவரி 31ஆந் திகதியும், எஞ்சிய பகுதி பெப்ரவரி 2ஆந் திகதியும் சரணடைந்தன. சிறைப்பட்டோர் ஏறத்தாழ 91,000 பேர். அவருள் தாய்நாடு திரும்பினோர் ஆறாயிரத்துக்கு மேற்படார். மிஷ்கோவாப் பாலத்தைக் கைப்பற்றிய ஹூனெர்ஸ்டோர்வ், 1943 ஜூலையில் கூர்ஸ்க் போரிற் காயமுற்று இறந்தார். ஸ்ராலின்கிராட் நகரின் குடிமக்களும் சோவியத் வீரரும் அடைந்த இழப்பு இவற்றினும் மிகப் பெரிதாகும்.

வள்ளுவர் கூறிய நால்வகை வலியுள், தன் வலியை மாத்திரமே ஜேர்மன் தலைமை நன்கறிந்திருந்தது. அதுவும் ஒரு பிரிவின் வலியேயன்றி நாட்டின் வலியன்று. பயிற்சியும் துணிவும் மிக்க பிரிவொன்று எட்டு நாட்களில் வளையத்துக்கு 48 கிலோமீற்றர் தூரத்தை எட்டியது உண்மை. வினையின் கடுமையையும், மாற்றானின் விரைவையும், துணைவரின் நிலையையும் கணியாதவர் ஏவிய வினையாதலால், அங்கிருந்து ஓரடியேனும் அப்பாற்செல்ல அதனால் இயலாது போயிற்று.